அப்பப்பாட றங்குப்பெட்டியில கிடந்த ரெண்டாம் உலக யுத்தகால போஸ்டர்: லேமினேட் பண்ணலாமா?

உப்புவெளியில சின்னதா ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கிறார்: "எங்கட அப்பப்பா டொக்யார்டில வேலை செஞ்சவர். அவர்ட றங்குப்பெட்டிக்குள்ள ஒரு இங்கிலீஷ் போஸ்டர் மடிச்சபடி கிடந்தது. பஸ்ஸில ரெண்டு பொம்பிளைகள் கதைச்சுக்கொண்டு போறாங்க, பின்சீட்டில ஹிட்லர். இது ஒரிஜினலா? லேமினேட் பண்ணி முன்பக்கம் மாட்டலாமா?"

தம்பி, முதல்ல லேமினேட் கடைக்குப் போகாதீங்கோ. சூட்டில பிளாஸ்டிக் ஒட்டினா பிறகு தாள் கிழியாம அதைப் பிரிச்சு எடுக்கிறது பெரும்பாடு, அனேகமா அதோட போச்சு. கிழிஞ்ச இடத்தில செலோடேப்பும் வேணாம், அந்தப் பசை கொஞ்சக் காலத்தில பழுப்பாகி தாளுக்குள்ளயே இறங்கிடும்.

நீங்க சொல்ற படம் ஃபூகாஸ் என்ற பெயரில வரைஞ்ச சிரில் கென்னத் பேர்டோடது, 1940ல பிரிட்டிஷ் தகவல் அமைச்சு வெளியிட்ட வரிசை, வாய் தவறிக் கதைச்சா உயிர் போகும் எண்டதுதான் எல்லாத்திலயும் விஷயம். இதுக்கு ரீபிரிண்ட் ஏராளம் வந்திருக்கு, அதால படத்தை மட்டும் பார்த்து ஒண்டும் சொல்ல ஏலாது, தாளையும் மையையும்தான் பார்க்கணும்.

நல்ல பூதக்கண்ணாடி ஒண்டை சிவப்பு போர்டருக்கு மேல வச்சுப் பாருங்கோ. நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு எண்டு குட்டிக் குட்டிப் புள்ளிகள் பூ மாதிரி வட்டமா சேர்ந்து நிண்டா அது பிந்தின காலத்து அச்சு. சிவப்பு புள்ளியே இல்லாம சுவருக்கு பெயின்ட் அடிச்ச மாதிரி ஒரே மையா கிடந்தா நல்ல அறிகுறி. அடுத்தது, கள்ள நோட்டுப் பார்க்கிற யூவி டோர்ச்சை இருட்டில அடிச்சுப் பாருங்கோ. தாள் நீலவெள்ளையா பளிச்செண்டா, வெண்மைக்குப் போடுற ரசாயனம் சேர்த்த தாள், அது தாள்ல பரவலா வந்தது யுத்தத்துக்குப் பிறகுதான். ஆனா பளிச்சிடாட்டி ஒரிஜினல்தான் எண்டு முடிவு கட்டவேணாம், அந்த ரசாயனம் போடாத தாள் இப்பவும் இருக்கு. மடிப்புத் தடத்தைப் பார்த்துக் கவலைப்படாதீங்கோ, அந்தக் காலத்துப் போஸ்டர் நிறைய மடிச்சுத்தான் அனுப்பினவங்க.

ஒரிஜினல் போல தெரிஞ்சா நல்லா ஃபோட்டோ எடுத்து, அதைப் பிரிண்ட் போட்டு மாட்டுங்கோ. ஒரிஜினலை அமிலமில்லாத தாளுக்குள்ள விரிச்சு, வெயில் படாத அறையில தட்டையா வையுங்கோ. எங்கட ஊர்க் கடல்காத்தும் மாரிகால ஈரமும் பழந்தாளுக்குப் பெரிய எதிரி, பெட்டியை நிலத்திலயோ வெளிச்சுவரோட ஒட்டியோ வச்சா பூஞ்சணமும் கறையானும் தேடி வரும். மாரி முடிஞ்சதும் ஒருக்கா திறந்து பாருங்கோ.

மாட்டுற பிரிண்டுக்குக் கீழ ஒரு குறிப்பும் போடுங்கோ, இதை நான் வற்புறுத்திச் சொல்றன். வெள்ளைக்காரர் வந்து பார்த்து சிரிச்சுப்போட்டுப் போற படமா இது திருகோணமலையில இருக்கக்கூடாது. 1942 ஏப்ரல் 8ம் தேதி, ஜப்பான் தாக்கப்போகுது எண்ட எச்சரிக்கையில ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் இந்தத் துறைமுகத்தை விட்டுப் போனது. அடுத்தநாள் காலமை இங்க குண்டு விழுது, அதே காலமை மட்டக்களப்புக் கடல்ல கப்பலும் மூழ்குது, அதில மட்டும் 307 பேர் போயிட்டாங்க. அந்தக் கப்பலைக் காட்டிக்குடுத்தது யாரோட வாயும் இல்ல, ஹருனா எண்ட ஜப்பான் போர்க்கப்பல்ல இருந்து வந்த வேவு விமானம். போஸ்டர் பழியைத் தூக்கி பஸ்ஸில கதைக்கிற பொம்பிளைகள்ட தலையில வைக்குது, இங்க கப்பல் மூழ்கினதோ வேற காரணத்தால. இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதிப் போட்டீங்களெண்டா பிரச்சாரம் எப்பிடி வேலை செய்யுது எண்டு வாறவங்களுக்கு தானா விளங்கும்.

இன்னொண்டு, போஸ்டருக்குப் பின்பக்கத்தையும் கட்டாயம் ஃபோட்டோ எடுங்கோ, பென்சிலால பெயரோ திகதியோ இருந்தா அழிக்கவேணாம். அப்பப்பா இதை ஏன் பத்திரப்படுத்தினவர் எண்டு தெரிஞ்ச மாமியோ பெரியப்பாவோ இருந்தா இந்தக் கிழமையே போய்க் கேட்டு, அவங்க சொல்ற மாதிரியே எழுதி அந்தத் தாளோட சேர்த்து வையுங்கோ.