பெனிபிற்ஸுக்கு (வேலையிடம் தரும் மருத்துவ, பல் காப்புறுதிக்கு) பதிலாகக் காசு வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒன்ராறியோவில், மார்க்கமில் ஓர் அலுவலகத்தில் ஆண்டுக்கு 60,000 டொலர் சம்பளத்தில் வேலை செய்கிறேன். கணவருக்கு 45,000. அவருடைய வேலையிலும் மருத்துவ, பல் காப்புறுதி இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். என்னுடைய காப்புறுதியை விட்டால் மாதம் 200 டொலர் தருவதாக வேலையிடத்தில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த 200 டொலரில் எவ்வளவு கையில் வந்து சேரும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். முதலாளி உங்களுக்காகக் கட்டும் மருத்துவ, பல் காப்புறுதிக் கட்டணத்துக்கு ஒன்ராறியோவில் நீங்கள் வருமான வரி கட்டுவதில்லை. அதையே காசாக வாங்கினால் அது சம்பளமாகிவிடும். உங்கள் வருமானத்தில் கடைசியாகச் சேரும் டொலருக்கு மத்திய வரி 20.5 வீதம், மாகாண வரி 9.15 வீதம். 2025 கணக்குப்படி கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு 5.95 வீதமும் வேலையற்றோர் காப்புறுதிக்கு 1.64 வீதமும் பிடிப்பார்கள். ஆண்டுக்கு 2,400 டொலரில் ஏறத்தாழ 894 போய்விடும்; மிச்சம் 1,500 சொச்சம். குடும்ப வருமானம் கூடுவதால் அரசு தரும் பிள்ளைகள் கொடுப்பனவும் குறையும். உங்கள் வருமான மட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு அந்தக் குறைப்பு, கூடும் வருமானத்தில் 5.7 வீதம், அதாவது இன்னும் 137 டொலர். ஆகக் கடைசியில் மாதத்துக்கு 115 டொலர் அளவில்தான் மிஞ்சும்.

இனி எதை விடுகிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு காப்புறுதி இருக்கும்போது உங்கள் செலவை முதலில் உங்கள் திட்டம் கட்டும். மீதியைக் கணவரின் திட்டம் ஏற்கும். பிள்ளைகளின் செலவு, தாய் தகப்பனில் யாருடைய பிறந்தநாள் ஆண்டில் முந்தி வருகிறதோ அவருடைய திட்டத்துக்கு முதலில் போகும். பல்லுக்கு மூடி போட 1,400 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய வேலைக்குப் பல திட்டங்கள் பாதிதான் கொடுக்கும். இரண்டும் இருந்தால் பாதியும் பாதியும் சேர்ந்து முழுத்தொகையும் அடைபட வாய்ப்புண்டு. ஒன்றுதான் என்றால் 700 டொலர் உங்கள் கையிலிருந்து போகும். ஆறு மாதக் காசு ஒரே பல்லில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்குப் பல்லுக் கம்பி போடும் வயது நெருங்குகிறதா? அதற்குத் திட்டங்கள் ஆயுளுக்கு ஓர் உச்சத்தொகைதான் வைத்திருக்கும். இரண்டு திட்டமென்றால் இரண்டு உச்சத்தொகை. கம்பி போட்டு முடியும்வரை காப்புறுதியை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

கையெழுத்துப் போடுமுன் கணவரின் திட்டக் கையேட்டை எடுத்து வாசியுங்கள். அவர் இப்போது தனிநபராகப் பதிந்திருந்தால் குடும்பமாக மாற்றும்போது அவருடைய பிடித்தம் கூடும். குழுக் காப்புறுதிக் கட்டணத்துக்கு ஒன்ராறியோவில் 8 வீத விற்பனை வரியும் உண்டு. மருந்துக்கு ஆண்டு உச்சத்தொகை இருக்கிறதா, ஊருக்குப் போகும்போது அவசர வைத்தியச் செலவு அடங்குமா என்பதையும் பாருங்கள். வழக்கமாக மருத்துவத்தையும் பல்லையும் மட்டும்தான் விட விடுவார்கள். ஆயுள் காப்புறுதியும் நீண்டகால இயலாமைக் காப்புறுதியும் தொடரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவையும் சேர்ந்து போகுமென்றால் 200 டொலருக்கு அது கட்டாது.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். காசுக்குப் பதிலாக, முதலாளி பணம் போட்டு அதிலிருந்து உங்கள் வைத்தியச் செலவைக் கொடுக்கும் மருத்துவச் செலவுக் கணக்கு தருவார்களா? அதில் போடும் தொகைக்கு இங்கே வருமான வரி இல்லை. 2,400 என்றால் 2,400ம் கண்ணாடிக்கும் பல்லுக்கும் மருந்துக்கும் பயன்படும். ஆண்டு தொடங்குமுன் தெரிவு செய்ய வேண்டும். மிஞ்சிய தொகையை எத்தனை மாதம் கொண்டுபோகலாம் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

கேள்வி: வேலையில் தந்த பல் காப்புறுதியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிறேன். குடும்ப வருமானம் 68,000. கனடா அரசின் பல் பராமரிப்புத் திட்டத்தில் சேரலாம்தானே? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: சேர முடியாது. பலர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருப்பது மட்டும் போதாது. பல் காப்புறுதி பெறும் வாய்ப்பே இருக்கக்கூடாது. வேலையிடம் தர முன்வந்ததை நீங்கள் மறுத்தாலும், அதற்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தாலும், ஒருநாளும் பாவிக்காவிட்டாலும், வாய்ப்பு இருந்ததாகவே அரசு கொள்ளும். முதலாளி உங்கள் ரி4 படிவத்தின் (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டும் வரிப் படிவம்) 45ஆம் பெட்டியில் டிசம்பர் 31 அன்றைய நிலைமையை ஓர் இலக்கமாகக் குறிக்கிறார். 1 என்றால் வாய்ப்பில்லை. 2 என்றால் உங்களுக்கு மட்டும். 3 என்றால் உங்களுக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும். நீங்கள் காசு வாங்கினாலும் அங்கே 1 வராது.

உங்கள் பெட்டியில் 2 இருந்தால் துணையும் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம், அவர்களுக்கு வேறு வழியில் காப்புறுதி கிடையாது என்றால். 3 இருந்தால் முழுக் குடும்பத்துக்கும் கதவு மூடியிருக்கும். இலக்கம் பிழையாக இருக்கிறதென்று நினைத்தால் சம்பளப் பிரிவிடம் திருத்திய ரி4 கேளுங்கள். விண்ணப்பத்தில் “காப்புறுதி இல்லை” என்று போட்டுவிட்டுப் பிறகு பிடிபட்டால், அரசு கட்டிய தொகையைத் திருப்பிக் கேட்கலாம். உங்களுக்கு நல்ல வழி, அடுத்த பதிவுக் காலத்தில் வேலையிடத் திட்டத்துக்கே திரும்புவது.

கேள்வி: மொன்றியலில் இருக்கிறேன். இங்கேயும் இதே விதிகளா?

பதில்: இல்லை. கியூபெக்கில் 65 வயதுக்குட்பட்டவருக்கு வேலையிடத்தில் குழுக் காப்புறுதி கிடைத்தால், அதன் மருந்துப் பகுதியையாவது எடுத்தே ஆக வேண்டும். துணையின் தனியார் திட்டத்தில் அடங்கியிருந்தால்தான் விலக்கு. அதற்கு அத்தாட்சி கேட்பார்கள். முதலாளி கட்டும் மருத்துவ, பல் காப்புறுதிப் பங்குக்கும் அங்கே மாகாண வரி உண்டு. அதனால் மேலே போட்ட வரிக்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: முதியோர் இல்லத்தில் பகுதிநேரப் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். பெனிபிற்ஸ் இல்லை, அதற்குப் பதிலாக மணிச் சம்பளத்தோடு ஒரு வீதம் சேர்த்துத் தருகிறார்கள். நானும் எதையோ இழக்கிறேனா?

பதில்: உங்கள் நிலைமை வேறு. நீங்கள் எதையும் மறுக்கவில்லை. உங்களுக்குத் திட்டமே தரப்படவில்லை. ரி4இல் 45ஆம் பெட்டியில் 1 இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். துணைக்கும் காப்புறுதி இல்லாமல் குடும்ப வருமானம் 90,000க்குக் குறைந்தால் அரசின் பல் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 70,000க்குக் குறைந்தால் உங்கள் பங்கு கிடையாது. 70,000 தொடக்கம் 79,999 வரை 40 வீதம், அதற்கு மேல் 60 வீதம் நீங்கள் கட்ட வேண்டும். பல் வைத்தியர் அரசு ஏற்கும் கட்டணத்துக்கு மேல் கேட்டால் அந்த வித்தியாசமும் உங்களுடையது. கதிரையில் ஏறுமுன் கேளுங்கள். நீங்களும் துணையும் வரி தாக்கல் செய்திருக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். தனியாகப் பல் காப்புறுதி வாங்கினால் இந்தத் தகுதி போய்விடும்.

மருந்துக்கு, தனியார் காப்புறுதி இல்லாத 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்ராறியோ அரசின் மருந்துத் திட்டமான ஓஹிப் பிளஸ் உண்டு. உங்களுக்கு மருந்துச் செலவு பெரிதென்றால் மாகாண அரசின் ரில்லியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். குடும்ப நிகர வருமானத்தில் ஏறத்தாழ 4 வீதத்தை நீங்கள் ஏற்ற பிறகு அது கைகொடுக்கும். பற்றுச்சீட்டுகளை எறிய வேண்டாம். மருத்துவச் செலவு நிகர வருமானத்தின் 3 வீதத்தைத் தாண்டினால் (2025இல் 2,834 டொலரைத் தாண்டினாலும் போதும்) மிகுதிக்கு வரிச்சலுகை உண்டு. வருமானம் குறைந்தவர் பெயரில் கோருவது பெரும்பாலும் இலாபம்.

கேள்வி: கணவரின் காப்புறுதியை நம்பி என்னுடையதை விட்டேன். இப்போது அவருக்கு வேலை போய்விட்டது. திரும்பச் சேரலாமா?

பதில்: சேரலாம், ஆனால் இன்றே இறங்குங்கள். அவருடைய காப்புறுதி முடிந்த நாளிலிருந்து 31 நாள் என்பதுதான் பெரும்பாலான திட்டங்களின் கெடு. காப்புறுதி முடிந்த திகதி போட்ட கடிதத்தை அவருடைய மனிதவளப் பிரிவில் வாங்கி, பதிவுப் படிவத்தோடு உங்கள் மனிதவளப் பிரிவில் கொடுத்து, கிடைத்ததாக மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். வேலை முடிந்த நாளும் காப்புறுதி முடிந்த நாளும் ஒன்றாக இராது. சிலருக்கு அறிவிப்புக் காலம் முழுக்கக் காப்புறுதி ஓடும். கெடுவுக்குள் போனால் உடல்நலக் கேள்விகள் இல்லை.

கெடு தவறினால் நீங்கள் பிந்தி வந்த விண்ணப்பதாரர். சீனி வருத்தம், இரத்த அழுத்தம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். காப்புறுதி நிறுவனம் மறுக்கலாம். ஏற்றாலும் பல திட்டங்களில் பல்லுக்கு முதல் 12 மாதம் ஆளுக்கு 250 டொலர் மட்டுமே. அப்படி மறுக்கப்பட்டால், குழுத் திட்டத்தை விட்டு வந்தவருக்கு உடல்நலக் கேள்வியில்லாமல் தரும் தனிநபர் திட்டம் ஒன்றைக் கணவர் எடுத்து, அதில் உங்களையும் சேர்க்கலாம். அதற்கும் பெரும்பாலும் 60 நாள்தான் கெடு.