குவாண்டம் டாட் படித்தால் வேலை கிடைக்குமா?

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், குவாண்டம் டாட் அகச்சிவப்பு டிடெக்டரில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். இதற்கு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு ஐயா. ஆனால் அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது.

விஷயம் இதுதான். அகச்சிவப்பு டிடெக்டர் என்பது வெப்பக் கதிரை உணரும் கருவி; வெப்பக் கேமராவின் கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனித உடல் வெளியிடும் வெப்பக் கதிர் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அதிகம். அதன் ஆற்றல் மிகக் குறைவு என்பதால், டிடெக்டரின் சொந்தச் சூடே பொய் சிக்னலைக் கிளப்பிவிடும். அதனால்தான் உயர்ரக வெப்பக் கேமராக்களில் டிடெக்டரை 77 கெல்வின், அதாவது மைனஸ் 196 டிகிரி வரை குளிர வைக்கிறார்கள். எடை, விலை, மின்செலவு எல்லாம் அங்கே ஏறுகிறது. எலக்ட்ரானைக் குவாண்டம் டாட் எனப்படும் சில நானோமீட்டர் துகளுக்குள் எல்லாத் திசையிலும் அடைத்துவிட்டால், சூட்டினால் அது தப்பிப்பது குறையும், இவ்வளவு குளிர் வேண்டாம் என்பது கணக்கு. கணக்கு சரி, செய்கைதான் கடினம்: துகள்கள் ஒரே அளவில் வளர்வதில்லை, கதிரை உறிஞ்சுவதும் குறைவு. குளிர்வித்த டிடெக்டர்களில் பயன்படும் பழைய பொருளான மெர்குரி காட்மியம் டெல்லூரைடு இன்னும் தன் இடத்தை விட்டு அசையவில்லை. தீயணைப்பு, கட்டட ஆய்வுக்கோ குளிர்விப்பே கேட்காத மைக்ரோபோலோமீட்டர் என்ற வேறு வகை வெப்ப உணரி வந்துவிட்டது.

அதனால் ஆசையைத் தடுக்காதீர்கள். அதை மட்டுமே படிக்கவும் விடாதீர்கள். 'நானோ' என்று பெயர் வைத்த படிப்பில் பணத்தைக் கொட்டுவதைவிட, ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர்வது மேல். இத்துறையில் பெயர்பெற்ற சஞ்சய் கிருஷ்ணாவும் ஐஐடி மெட்ராஸில் இயற்பியல் முதுகலை முடித்துத்தான் மிச்சிகனுக்குப் போனார். ஐஐடி பாம்பேயில் சுபானந்த சக்ரவர்த்தி குழு இதே டிடெக்டர்களில் வேலை செய்திருக்கிறது. செமிகண்டக்டர், வாக்குவம், கிரையோஜெனிக்ஸ் (கடுங்குளிர் நுட்பம்), ரீட்அவுட் சர்க்யூட் (டிடெக்டரின் சிக்னலைப் படிக்கும் மின்சுற்று) தெரிந்தவரை டேராடூனில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஐஆர்டிஇ, பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்), பெங்களூரு வெப்பக் கேமரா நிறுவனம் டோன்போ போன்ற இடங்களில் தேடலாம். எந்தப் பொருள் ஜெயித்தாலும் அந்தத் திறமை வீணாகாது.

அமெரிக்கக் கனவு இருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே வெப்பக் கேமராத் தொழில்நுட்பம் பெரும்பாலும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்குள் வருவதால், பல வேலைகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இப்போதைக்கு, அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஆராய்ச்சி பெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் இரண்டு மாதம் மல்லுக்கட்டிய பிறகும் ஆசை மிச்சமிருந்தால், அப்புறம் பி.எச்டி. பேச்சை எடுக்கலாம்.