கதவு பூட்டியிருக்கும்போதே ‘திறந்திருக்கிறது’ என்று அலாரம் அடித்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நீங்கள் சொல்லியிருப்பது இது: கடலோரத்தில் வீடு. தேக்குக் கதவு, அதற்கு வெளியே இரும்பு கிரில் கேட். இரண்டிலும் காந்தச் சென்சார். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து நள்ளிரவில் சைரன் அலறுகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் கதவு பூட்டியபடியே இருக்கிறது. புதுச் சென்சார் வாங்கிப் போட்டும் தீரவில்லை. இப்போது அந்தக் கதவை மட்டும் பேனலில், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், பைபாஸ் செய்துவிட்டு உறங்குகிறீர்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை உடனே எழுத வைத்தது. வீட்டு அலாரம் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். தொல்லை தாங்காமல் வாசல் கதவைக் காவலிலிருந்து எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். பேனலில் பச்சை விளக்கு எரியும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். முக்கியமான கதவுக்கு மட்டும் காவல் இருக்காது. ஆகவே இந்த வாரத்துக்குள் இதைச் சரிசெய்துவிடுங்கள். பெரும்பாலும் ஒரு மாலைப் பொழுது போதும்.

சென்சாரை மாற்றியும் தீராததில் வியப்பில்லை. சென்சார் கதவு நிலையில் இருக்கும், அதன் ஜோடியான காந்தம் கதவில் இருக்கும். பெரும்பாலான கதவுச் சென்சார்களுக்குள் இருப்பது ரீட் சுவிட்ச். காற்றுப் புகாமல் மூடிய சின்னக் கண்ணாடிக் குழாய். இரண்டு முனைகளிலிருந்தும் உள்ளே நீளும் மெல்லிய நிக்கல்-இரும்புத் தகடுகள். நடுவே மயிரிழை இடைவெளி. காந்தம் அருகில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் தம் விறைப்பால் பிரியும். 1936-இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய பொருள் இது. பல லட்சம் முறை திறந்து மூடினாலும் தாங்கும். அதனால் பழுது என்றதும் நான் கடைசியாகச் சந்தேகப்படுவது இந்தக் குழாயைத்தான். முதலில் பார்ப்பது கதவை.

ஒரு நுணுக்கத்தை இங்கே புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். தகடுகளை ஒட்டவைக்கக் காந்தம் நெருங்கி வரவேண்டிய தூரம் வேறு. ஒட்டிய தகடுகள் பிரிய அது விலகிப்போக வேண்டிய தூரம் வேறு. பின்னது சற்றுக் கூடுதல். கதவை அழுத்திச் சாத்தும்போது காந்தம் நெருங்கி வந்து ‘மூடியது’ என்று பதிவாகிவிடும். கையை எடுத்ததும் கதவு கொஞ்சம் பின்வாங்கி, எல்லைக்கோட்டின் மேல் நின்றுவிடும். அப்போதும் தகடுகள் ஒட்டியே இருக்கும். பிறகு ஒரு காற்று, அல்லது தெருவில் ஒரு லாரியின் அதிர்வு, தகடுகள் பிரிந்துவிடும். நீங்கள் ஓடிவந்து கதவைத் தள்ளிப் பார்க்கும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளும். “ஒன்றுமே இல்லையே” என்று குழம்புவது இதனால்தான். பகலிலும் இதுவே நடந்துகொண்டிருக்கும். காவல் போடாததால் சைரன் ஒலிப்பதில்லை. பேனலில் நிகழ்வுப் பதிவு இருந்தால் திறந்து பாருங்கள், பகல் நேரங்களும் வரிசையாக நிற்கும்.

சோதிப்பது எளிது. கதவைப் பூட்டிவிட்டு வெளியே ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். அவர் கதவின் மேல்மூலையை உள்ளங்கையால் தள்ளட்டும், பிறகு கைப்பிடியைப் பிடித்து இழுக்கட்டும். நீங்கள் உள்ளே நின்று சென்சாரின் எல்.இ.டி. விளக்கையோ பேனலையோ கவனியுங்கள். பூட்டிய கதவு அசைந்ததற்கே விளக்கு மின்னினால் பழுது பிடிபட்டுவிட்டது. இன்னும் உறுதி வேண்டுமானால் காந்தத்தைக் கதவிலிருந்து கழற்றி, கையில் பிடித்து, சென்சாரை நோக்கி மெல்லக் கொண்டுபோங்கள். அமைதியான அறையில் ‘டிக்’ என்ற சன்னமான ஒலி காதில் விழும். எவ்வளவு தூரத்தில் அது கேட்கிறது, எவ்வளவு விலக்கினால் மறுபடி கேட்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அதை உங்கள் கதவின் உண்மையான இடைவெளியோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகிவிடும்.

தேக்கானாலும் மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பத்தான் செய்யும். கதவு நிலைக்குள் முழுதாக உட்காராது. கீலின் திருகாணி தளர்ந்திருந்தால் கதவு ஒரு பக்கம் தொங்கும். மேல்மூலையில் இடைவெளி விரியும், காந்தம் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். எனவே முதலில் கீலை முறுக்குங்கள். தாழ்ப்பாளில் ஆட்டம் இருந்தால் குறையுங்கள். அதன் பிறகு காந்தத்தின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்து உயர்த்தியோ, இடம் மாற்றியோ சென்சாருக்கு அருகில் கொண்டுவாருங்கள். சென்சார் வந்த பெட்டியில் எட்டும் தூரம் 20 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் அதில் பாதிக்குள் நிற்பதுபோல் பொருத்துவது என் வழக்கம். மழையில் உப்பினாலும் வெயிலில் சுருங்கினாலும் தாங்கும். சென்சாரின் பக்கவாட்டில் ஒரு கோடோ அம்புக்குறியோ இருக்கும். காந்தம் அதற்கு நேரே, சென்சாருக்கு இணையாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டும்போது பக்கம் மாற்றிவிடுவது உண்டு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரில் கேட்டின் கதை வேறு. இரும்பு காந்தப்புலத்தைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும். மரத்தில் நன்றாக வேலை செய்யும் அதே சென்சார், இரும்பில் நேரடியாக ஒட்டினால் பாதித் தூரத்துக்குக்கூட எட்டாமல் போகலாம். இரண்டு பாகங்களுக்கும் அடியில் அரை அங்குல மரக்கட்டையோ பிளாஸ்டிக் கட்டையோ கொடுத்து இரும்பிலிருந்து தள்ளிவையுங்கள். அல்லது இரும்புக் கதவுக்கென்றே வரும் அகல இடைவெளிச் சென்சாரை வாங்குங்கள். அலுமினியத்தில் இந்தச் சிக்கல் இல்லை. வீட்டுக்குள் வைக்கவேண்டிய சாதாரணச் சென்சாரை மழையும் உப்புக்காற்றும் படும் கேட்டில் வைப்பதே எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் சைரன் ஒலித்தால், உங்களுடையது வயர் வைத்ததா, வயர்லெஸ்ஸா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

வயர் என்றால் பழுது இணைப்பில்தான் இருக்கும். பேனலிலிருந்து அந்தக் கதவின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கதவை மூடிப் பாருங்கள். சுற்றில் ரெசிஸ்டர் (மின்தடை) எதுவும் இல்லையென்றால் சில ஓம் காட்டவேண்டும். ரெசிஸ்டர் இருந்தால் அதன் மதிப்பு வரவேண்டும். மீட்டரைக் கழற்றாமல், வயர் போகும் வழியெல்லாம் கையால் அசைத்துக்கொண்டே வாருங்கள். எண் துள்ளும் இடத்தில் நில்லுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று அங்கே இருக்கும். டேப்பைப் பிரித்தால் செம்பில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகச் சீவி ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.

வயர்லெஸ் என்றால் பேட்டரி. சிஆர்2032 போன்ற லித்தியம் பேட்டரி, சாகும் தறுவாயிலும் மீட்டரில் 3 வோல்ட்டை ஒட்டியே காட்டும். சென்சார் ரேடியோவில் செய்தி அனுப்பும் அந்தக் கணத்தில்தான் அதன் வோல்ட் சரியும். ஆகவே மீட்டரை நம்பாமல், புதிய பேட்டரி போட்டுப் பாருங்கள். பேனலை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் வெளியே எடுங்கள். சிக்னல் அங்கேயே பாதி செத்துவிடும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. மூடிய கதவைத் திறந்ததாகக் காட்டும் சென்சார் தூக்கத்தைத்தான் கெடுக்கும். திறந்த கதவை மூடியதாகக் காட்டும் சென்சார்தான் ஆபத்து, ஏனென்றால் அது சத்தமே போடாது. சைரனையோ பெல்லையோ நேரடியாக ரீட் சுவிட்ச் வழியே ஓட்டினால், அதன் மின்னோட்டத்தில் தகடுகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிப்போகும். விலை மலிவான சில வயர்லெஸ் சென்சார்கள் திறக்கும்போது மட்டுமே செய்தி அனுப்பும். பேட்டரி செத்துப்போனால் பேனலுக்குத் தெரியாது. வயர் சுற்றில், சென்சாரின் முனையில் இருக்கவேண்டிய ரெசிஸ்டரை வேலை சுலபம் என்று பேனலுக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வழியில் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனாலும், கதவு மூடியிருப்பதாகவே பேனல் நம்பிக்கொண்டிருக்கும். உங்கள் பேனலைத் திறந்து அந்த ரெசிஸ்டர் எங்கே இருக்கிறது என்று அவசியம் பாருங்கள்.

மாதம் ஒருமுறை பேனலைச் சோதனை நிலையில் வைத்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து, பேனல் பேசுகிறதா என்று பார்த்தால் இந்த மௌனப் பழுதுகள் எல்லாம் வெளிவந்துவிடும். திறந்தும் பேனல் பேசாவிட்டால் சென்சாரை ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் பேசினால் அதை அன்றே கழற்றி மாற்றுங்கள். சென்சார் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கச் சொல்வது இந்த ஒரு நிலையில்தான்.

தள்ளிப் பார்க்கும் சோதனையை இன்று மாலையே செய்துவிட்டு, விளக்கு மின்னியதா, கையில் பிடித்த காந்தத்துக்கு எத்தனை மில்லிமீட்டரில் ‘டிக்’ கேட்டது, வயரா வயர்லெஸ்ஸா என்று கீழே எழுதுங்கள். கிரில் கேட்டில் சென்சார் ஒட்டிய இடத்தின் படம் இருந்தால் அதையும் போடுங்கள். கட்டை எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.