அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்கிறார்கள். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘வயது சார்ந்த ஒயிட் மேட்டர் மாற்றங்கள்’ என்று மட்டும் இருக்கிறது. டிடிஐ ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

நான் டாக்டர் இல்லை, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ‘கடைக்காரனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும்’ என்று கேட்கக் காத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். என் அப்பாவுக்கு பிஎஸ்பி, பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறொரு மூளை நோய். அது வீட்டுக்குள் வந்துவிட்டால் கடைக்காரனும் படித்துத்தான் ஆகணும்.

ஒயிட் மேட்டர் என்பது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பு நார்க்கட்டு. நீங்கள் சொல்லும் அந்த வரி, எழுபதை நெருங்கியவர்களில் பாதிப்பேருக்கு மேல் ரிப்போர்ட்டில் இருக்கும். ஃப்ளேர் என்ற எம்ஆர்ஐ படவகையில் மூளைக்குள் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். பெரும்பாலும் சின்ன ரத்தக்குழாய்கள் பழுதான தடம்தான், பிரஷர், சுகர் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஃபசேக்காஸ் என்று 0 முதல் 3 வரை கிரேடு போடுவார்கள். 1 போட்டிருந்தால் அதையும் கை நடுக்கத்தையும் முடிச்சுப் போடாதீர்கள். 3 என்று இருந்து, கையைவிடக் கால்தான் மோசம், பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார் என்றால் ரத்தக்குழாயால் வந்த பார்க்கின்சனிசமா (பார்க்கின்சன் போன்ற அறிகுறிகள்) என்று டாக்டரிடம் கேளுங்கள். அசல் பார்க்கின்சனில் சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலாகவே வரும். நார்மல் என்று வந்ததால் நோய் இல்லை என்று ஆகாது.

எங்கள் அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு நடுக்கமே கிடையாது. நின்ற இடத்திலிருந்து அப்படியே பின்னால் சாய்ந்து விழுவார். படி இறங்கப் பயம். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் கை துழாவும், சாம்பார் வேட்டியில் வழியும். கண் விரிந்தபடியே இருக்கும். “மாமா ஏன் இப்படி முறைக்கிறாரு, நாங்க வந்தது பிடிக்கலையா?” என்று அத்தை மகன் கோபித்துக்கொண்டே போனான். பார்க்கின்சன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பெரிதாகக் கேட்கவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தது உங்களுக்கு வந்த அதே வரி, கூடவே ஃபசேக்காஸ் 1. வயசானா வர்றதுதான் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள்.

பிறகு பார்த்த நரம்பு டாக்டர், “ரிப்போர்ட் இருக்கட்டும் சார், படத்தைக் குடுங்க” என்றார். படத்தைத் தொடுவதற்கு முன் அப்பாவின் முகத்துக்கு நேரே பேனாவைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். கண் இறங்கவே இல்லை. பேனாவை மறுபடி நேராகப் பிடித்து அதையே பார்க்கச் சொல்லி, தலையை அவரே பிடித்து மெதுவாக மேலே நிமிர்த்தினார். இப்போது கருவிழி தானாகக் கீழே இறங்கியது. கண் தசையும் அதன் நரம்பும் நன்றாக இருக்கிறது, மேலிருந்து வரும் கட்டளைதான் வரவில்லை என்றார். அதற்குப் பிறகுதான் ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்து, மூளையை நடுவாக வெட்டிக் காட்டும் படத்தைத் தொட்டார். நடுமூளை தேய்ந்து, மேல்விளிம்பு பள்ளமாகி, ஹம்மிங்பேர்ட் தலையும் அலகும் போல இருந்தது. சிறுமூளையிலிருந்து நடுமூளைக்கு ஏறும் மேல்காம்பும் மெலிந்திருந்தது. அது முழுக்க ஒயிட் மேட்டர். ரிப்போர்ட் எழுதியது திட்டுகளைப் பற்றி, அப்பாவுக்குப் போயிருந்ததோ இந்தக் காம்பு. 1964ல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி மூவரும் தனி நோய் என்று பிரித்துக் காட்டிய அதே பிஎஸ்பி.

ரிப்போர்ட் எழுதியவரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த சீட்டில் ‘தலைசுற்றல்’ என்றுதான் இருந்தது. அவர் ஸ்ட்ரோக்கும் கட்டியும் இருக்கிறதா என்று தேடினார், இல்லை என்று எழுதினார். சீட்டில் ‘பின்பக்கம் விழுகிறார், கண் கீழே இறங்கவில்லை’ என்று ஒரு வரி இருந்தால் அவர் பார்வையும் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

கேட்காததைச் சொல்கிறேன், மன்னிக்கவும். பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிரோடிருக்கிறார் என்று நிரூபிக்கவேண்டும் அல்லவா? செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். அது கண் சிமிட்டச் சொல்கிறது! பிஎஸ்பிகாரர் நிமிஷத்துக்கு நாலைந்து தடவை சிமிட்டினாலே அதிகம். அப்பா முறைத்துக்கொண்டே இருக்கிறார், நேரம் முடிந்தது என்று மறுபடி மறுபடி வருகிறது. நேரில் போனால், “போன்லயே ஈசியா பண்ணலாமே சார்” என்று சிரிக்கிறார் கவுண்டரில் இருந்தவர். ஆளை வீல்சேரில் எதிரே வைத்துக்கொண்டு!

சரி, டிடிஐ. 1994ல் பாசர், மாட்டியெல்லோ, லெ பிஹான் என்ற மூவர் கொண்டுவந்த எம்ஆர்ஐ முறை. மூளைக்குள் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளக்கும். வரப்பு சரியாக இருந்தால் தண்ணீர் வாய்க்காலோடு போகும், உடைந்தால் நாலாபுறமும் பரவும். நரம்பு நார்க்கட்டிலும் அப்படித்தான். ஒரே திசையில் போனால் எஃப்ஏ என்ற எண் 1 பக்கம் ஏறும், சிதறினால் 0 பக்கம் இறங்கும். பிஎஸ்பியில் அந்த மேல்காம்பில் எண் இறங்குகிறது. எம்எஸ்ஏ என்ற இன்னொரு நோயில் நடுக்காம்பில் இறங்குகிறது. ஆரம்பநிலைப் பார்க்கின்சனில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. இதெல்லாம் நோயாளிகள் கூட்டத்தையும் நோயில்லாதவர் கூட்டத்தையும் சராசரி போட்டு ஒப்பிட்டுச் சொன்னவை. மெஷினுக்கு மெஷின் எண் மாறும். தலை கொஞ்சம் ஆடினாலும் கெட்டுப்போகும். உங்கள் அப்பா ஒருவரின் எண்ணை வைத்துக்கொண்டு இன்ன நோய் என்று யாரும் முடிவு சொல்லமாட்டார்கள். டாக்டராகக் கேட்டால் எடுங்கள், நீங்களாகப் போய்ப் பணத்தைக் கொட்டவேண்டாம்.

கையில் இருக்கும் ஸ்கேனை முதலில் முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். 2008ல் இத்தாலியில் குவாட்ரோனே குழு சாதாரண எம்ஆர்ஐயிலேயே நடுமூளை, அதற்குக் கீழே இருக்கும் பான்ஸ் என்ற பகுதி, இவற்றின் பரப்பையும் இரண்டு காம்புகளின் அகலத்தையும் அளந்து பிஎஸ்பியைப் பார்க்கின்சனிலிருந்து பிரிக்க ஒரு கணக்கு சொன்னது. அதற்கு டிடிஐ தேவையில்லை. ஆனால் ஃபிலிமை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஸ்கேன் சென்டரில் சிடி கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அச்சடிப்பது பொறுக்கியெடுத்த படங்கள்தான், நடுவெட்டுப் படம் அதில் விட்டுப்போயிருக்கலாம்.