அரசாங்கமே பணம் தரும்போது தமிழ்ப்பள்ளியில் பெற்றோர்களிடம் ஏன் நன்கொடை கேட்கிறார்கள்?

ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து யாராவது ரசீதுப் புத்தகத்தோடு உங்கள் முன்னால் வந்து நின்றிருப்பார்கள், உங்களுக்கும் கோபம் வந்திருக்கும். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்காக அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறியிறங்கிய பொருளாளர் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அரசாங்கம் பணம் தருவது உண்மை. 2025-இல் கல்வி அமைச்சுக்கு 6,410 கோடி ரிங்கிட் ஒதுக்கினார்கள். அதில் பெரும்பங்கு சம்பளத்திற்கே போகிறது. எங்கள் ஆசிரியர்களுக்கும் அரசாங்கம்தான் சம்பளம் கொடுக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். 2012 முதல் பள்ளிக் கட்டணமும் இல்லை. அடுத்தது, மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து வரும் மானியம். அது இன்ன பாடத்திற்கு, இன்ன செலவுக்கு என்று பிரித்தே வருகிறது. அறிவியலுக்கு வந்த காசில் கூரைக்குத் தகரம் வாங்கினால் தலைமையாசிரியர் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும்.

சிக்கல் கட்டடத்தில்தான். பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் 'அரசாங்க உதவி பெறும் பள்ளி' என்ற வகையில் வருபவை, அதாவது நடத்த உதவி கிடைக்கும், நிலம் அரசாங்கத்துடையது அல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும். துரைமார்கள் கட்டிக் கொடுத்தார்கள். நிலம் மட்டும் தோட்டத்தின் பெயரிலேயே இருந்துவிட்டது.

எங்கள் பள்ளி நடைபாதையில் ஒரு மரத்தூணைக் கரையான் அரித்துவிட்டது. பேனாவால் குத்தினால் பாதிவரை உள்ளே போனது, மாவாக உதிர்ந்தது. பழுதுபார்க்க நிதி கேட்டு மனுச் செய்தோம். நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் எங்கே என்றார்கள். தோட்டத்தில் கேட்டால், தலைமையகம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். இதற்கிடையில் தோட்டமே வேறு நிறுவனத்திற்குக் கைமாறியது. ஒருவழியாகக் கடிதம் கைக்கு வந்தபோது 2016 ஜனவரி. கச்சா எண்ணெய் விலை சரிந்து அரசாங்க வருமானம் குறைய, அந்த மாதம்தான் நாட்டின் வரவு செலவுத் திட்டத்தையே திருத்தினார்கள். எங்களுக்கு வந்த பதில்: 'இந்த ஆண்டு இல்லை.' செலவைக் குறைக்க வேண்டும் என்றால் சம்பளத்தில் கைவைக்க முடியாது. தள்ளிப்போடக்கூடியது பராமரிப்பு ஒன்றுதான்.

அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் காலையில் வரிசையாக நிற்பார்கள். எப்படிக் காத்திருப்பது? வசூலித்தோம். ஈப்போவில் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் இரும்புத் தூண்களைக் கொண்டுவந்து, கூலி வாங்காமல் பற்றவைத்துக் கொடுத்தார். சிமெண்ட், மணல், லாரி வாடகை எல்லாம் பெற்றோர்கள் கொடுத்த காசு. ரசீதுகளின் அடிக்கட்டைகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவன் அல்லன். 'பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு எதற்குப் பணம்?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதும் தெரியும். 150-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிகளின் பட்டியலில் எங்கள் பள்ளியும் உண்டு. அது யார் குற்றம்? பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் பட்டணத்திற்குப் போயின, அந்த வேலைக்கு வெளிநாட்டார் வந்தார்கள். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஏறக்குறைய 530. பிள்ளைகள் குறைந்தால் மானியம் குறைகிறது, கூரையின் அகலம் குறைவதில்லை. சீனப்பள்ளிகள் நன்கொடை திரட்டுவதைப் பாருங்கள் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அவர்களுக்குப் பட்டணத்து வியாபாரிகள் கொடுக்கிறார்கள். நாங்கள் கேட்டது சம்பள நாளை எதிர்பார்த்திருக்கும் வீடுகளில்.

    

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நன்கொடை கட்டாயமில்லை. முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள், அதற்காக உங்கள் பிள்ளையை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் ஆண்டுக் கூட்டத்திற்குப் போங்கள். கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று எழுந்து நின்று கேளுங்கள், பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.