கியர்பாக்ஸைத் திறக்கக் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: வக்கீல் சார், எனக்குக் கம்பம், ஏலக்காய் வியாபாரம். 14 மாதத்துக்கு முன்னால் கோட்டயத்தில் ஒரு ஷோரூமில் 13 லட்சத்துக்கு ஆட்டோமேட்டிக் கார் எடுத்தேன். பில் கடை பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நானும் என் மனைவியும்தான். லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது இஞ்சின் உறுமுகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. ஒருமுறை ஒரே கியரில் நின்றுவிட்டது. மூன்று தடவை காட்டியும் 'குழப்பமில்லா' (மலையாளத்தில் 'பிரச்சினை இல்லை') என்று திருப்பித் தந்தார்கள். இப்போது கியர்பாக்ஸைத் திறக்கணும், ஒன்றே முக்கால் லட்சம் ஆகும், வெளியில் ஆயில் மாற்றியதால் இரண்டு வருட வாரண்டி செல்லாது என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? கேஸ் போட்டால் கேரளாவுக்கு அலையணுமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள் அண்ணே. அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டால் உங்கள் கேஸின் பாதி சாட்சி அதோடு போச்சு.

வண்டி ஒரே கியரில் நின்றது என்கிறீர்களே, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். கோளாறு தெரிந்ததும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்படி ஒரு கியரிலேயே நின்றுகொள்வது உண்டு, மெக்கானிக்குகள் லிம்ப் மோட் என்பார்கள். அப்படி நடந்திருந்தால் பெரும்பாலும் ஒரு கோடும் (code, கோளாறைக் குறிக்கும் எண்) அந்தக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். பி0700 என்று மட்டும் வந்தால் 'கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு' என்று அர்த்தம், அதற்கு மேல் இல்லை. பி0730 என்றால் கியர் விகிதம் தப்பு, அதாவது உள்ளே வழுக்குகிறது என்று சந்தேகப்படலாம். பி0741 என்றால் டார்க் கன்வர்ட்டர் (இஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கிளட்ச் பூட்டிக்கொள்ளவில்லை. கோடோடு சேர்த்து அந்த நேரத்து வேகம், ஆர்பிஎம் (இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று), சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பதிவாகியிருக்கலாம். ஸ்கேனரில் கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். மூன்று தடவையும் 'குழப்பமில்லா' என்றவர்கள் ஸ்கேன் பண்ணினார்களா, பண்ணி அழித்தார்களா? ஜாப் கார்டு நகல்களையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எழுத்தில் கேளுங்கள், ஈமெயில் போதும். தராவிட்டால் தராததும் உங்களுக்குச் சாதகம்தான்.

இன்னொரு விஷயம். ஜாப் கார்டில் 'கியர் பிரச்சினை' என்று அவர்கள் எழுதினால் விடாதீர்கள், 'மேடேறும்போது ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை' என்று உங்கள் வார்த்தையில் எழுத வையுங்கள், முடிந்தால் சர்வீஸ் ஆளையே பக்கத்தில் உட்காரவைத்து அதே மலையில் ஏற்றிக் காட்டுங்கள். கோட்டயத்துச் சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

உங்களுடையது ஏஎம்டியா (ஆட்டோமேட்டட் மேனுவல்) என்று பாருங்கள். ஏஎம்டி என்றால் அது சாதா கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி செய்கிறது. அதன் கிளட்ச் பிளேட்டை 'தேய்மானப் பொருள்' என்று வாரண்டிக்கு வெளியே தள்ளிவிடுவார்கள், அப்போது வாதமே வேறு. டார்க் கன்வர்ட்டர் என்றால் ஆயில்தான் கதை, கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கலாம். வெளியில் மாற்றியதுதான் காரணம் என்றால், அது தப்பான ஆயில் என்றும் அதனால்தான் கெட்டது என்றும் அவர்கள் காட்டட்டும். வெளியில் மாற்றினாய் என்பது மட்டும் பதில் ஆகாது.

கேரளாவுக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட விடுகிறது, ஆக தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே முடியும், உங்கள் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய். கோளாறு தெரிந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். ஷோரூம், தயாரிப்பாளர் இரண்டு பேரையும் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நிற்பார்.

கடை பெயரில் பில் என்பதால் 'வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும். பயப்பட வேண்டாம். கம்பெனி பெயரில் வாங்கி இயக்குநர் ஓட்டிய கார் வணிக நோக்கம் ஆகிவிடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் ஏலக்காய் மூட்டை ஏற்றிப் போகும் போட்டோ ஏதாவது வாட்ஸ்அப்பில் இருந்தால் எனக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புதுக் கார் கிடைக்குமா என்பதுதான் உங்கள் மனசில் இருக்கும். கிடைப்பது கஷ்டம். கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு மாருதி வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம், வாரண்டி பாகத்தை மாற்றத்தான், காரையே மாற்ற அல்ல என்று சொல்லிவிட்டது. காசில்லாமல் கியர்பாக்ஸ், அலைச்சலுக்கு நஷ்டஈடு என்று கேட்பது கைக்கு எட்டும். உற்பத்திக் குறை என்று காட்ட நிபுணர் அறிக்கை வேண்டும். பிரிவு 38-ன் கீழ் ஆணையமே சோதனைக்கு அனுப்பும், அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். அதற்குத்தான் திறக்காத பெட்டி தேவை.

வண்டி இல்லாமல் பிழைப்பு நடக்காது, திறந்தே ஆகணும் என்றால், 'என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். திறக்கும்போது நின்று வீடியோ எடுங்கள், பழைய ஆயிலில் ஒரு பாட்டிலும் கழற்றிய பாகங்களும் உங்களிடம் வர வேண்டும்.

அப்புறம், கம்பத்தில் ஆயில் மாற்றிய பில்லைத் தேடி எடுங்கள். அதில் ஆயிலின் பெயர், கிரேடு இல்லையென்றால் வண்டிக்கான கையேட்டில் சொன்ன ஆயில்தானா என்று அந்த மெக்கானிக்கிடம் கேட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி வாங்குங்கள். தப்பான ஆயில் என்று தெரிந்தால் வழக்கு போடுவதற்கு முன் என்னிடம் பேசுங்கள்.