ரிமோட்ல ஆஃப் பண்ணா கரண்ட் நிக்குமா? வயரிங்காரர்ட்ட கேட்ட கேள்விங்க

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் 20 வருஷத்துக்கு மேல வயரிங் வேலை பாக்கறேன். போன வாரம் பேச்சுவாக்குல "ஆஃப்ல இருக்கற சாமானும் கரண்ட் குடிக்கும்"னு சொல்லிட்டேன், அவ்ளோதான், ஆளாளுக்கு கேள்வி அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க. ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன்.

காரிமங்கலத்துல இருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, போன் சார்ஜரை பிளக்ல இருந்து புடுங்கலன்னா பில்லு ஏறும்னு எங்க வீட்டுக்காரர் தினமும் சண்டை. நெஜமா?

அவர் சொல்றது பொய் இல்லம்மா, ஆனா சண்டை போடற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. இப்ப வர்ற நல்ல சார்ஜர் சும்மா மாட்டி இருந்தா கால் வாட் கூட இழுக்காது. 0.2 வாட்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துக்கு 0.29 யூனிட்டுதான். ரோட்டோரம் அம்பது ரூபாய்க்கு வாங்கின சார்ஜரா இருந்தா மட்டும் ராத்திரி ஆஃப் பண்ணிருங்க, அது பில்லுக்காக இல்ல, சூடாகி உருகிடக்கூடாதுன்னு. அவரு டிவிக்கு கீழ இருக்கற செட்டாப் பாக்ஸை என்னைக்காவது ஆஃப் பண்ணிருக்காரான்னு கேட்டுப் பாருங்க.

தர்மபுரி டவுன்: செட்டாப் பாக்ஸ்ல சிவப்பு லைட்டு வந்துட்டா அது ஆஃப் தானே ப்ரோ?

அங்கதான் எல்லாரும் ஏமாறோம். சிவப்பு லைட்டுன்னா டிவிக்கு படம் அனுப்பறதை மட்டும்தான் நிறுத்தியிருக்கு, உள்ள டியூனரு, ப்ராசஸரு எல்லாம் முழிச்சிட்டுதான் இருக்கும். நெறைய பாக்ஸ்ல ஓடறப்பவும் சிவப்பு லைட்லயும் கிட்டத்தட்ட ஒரே வாட்டுதான், 10 வாட் சுமாருக்கு. நம்பலன்னா விடியக்காலைல எந்திரிச்சு பாக்ஸ் மேல கை வெச்சு பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும். சும்மா இருக்கற சாமான் ஏன் சுடணும்?

நாளைக்கு 5 மணி நேரம் டிவி பாக்கற வீடுன்னா மீதி 19 மணி நேரம் அது வெட்டியா ஓடுது, 190 வாட் அவர், ரெண்டு மாசத்துக்கு 11 யூனிட்டுக்கு மேல. நம்ம ஊர்ல எல்லா பிளக் பாயிண்ட்லயும் சுவிட்ச் இருக்கு, ஆனா அந்த சுவிட்ச் டிவி ஸ்டாண்டுக்கு பின்னாடி எலி கூட போக முடியாத எடத்துல இருக்கும். (வயரிங் பண்றப்ப அங்க போடச் சொல்றது வீட்டுக்காரங்கதான், அப்பறம் என்னை திட்டுவாங்க.) சுவிட்ச் வெச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு வாங்கி டிவி, பாக்ஸ், ஹோம் தியேட்டர் மூணையும் அதுல மாட்டி கை எட்டற மாதிரி சைடுல ஸ்க்ரூ அடிச்சிருங்க. திரும்ப ஆன் பண்ணா பாக்ஸ் சானல் எடுக்க ரெண்டு நிமிஷம் ஆகும், சீரியல் ஆரம்பம் போச்சுன்னு வீட்ல பெரியவங்க கத்துவாங்க, அதனால 5 நிமிஷம் முன்னாடியே போட்டு வெச்சிருங்க.

அரூர், ஒரு பெரியவர்: அரசாங்கம் குடுத்த 14 இன்ச் டிவி இன்னும் ஓடுதுப்பா. அதுக்கும் இதே கதையா?

இன்னும் ஓடுதா, சந்தோஷம் ஐயா. ரிமோட்ல அணைச்சா அந்த பழைய பெட்டி எல்லாம் 3 வாட், 5 வாட்னு இழுத்துட்டே இருக்கும். முன்னாடி அமுக்கற பட்டன் இருக்கு பாருங்க, அதை அமுக்கி அணைங்க, முடிஞ்சது. புது எல்ஈடி டிவி ரிமோட் ஆஃப்ல பெரும்பாலும் அரை வாட்டு சுமார்தான், உலகம் பூரா 1 வாட்டுக்குள்ள கொண்டு வரணும்னு 1999லயே சர்வதேச எரிசக்தி முகமை ஆரம்பிச்ச வேலையோட பலன் அது. அதனால இப்ப டிவி பிரச்சனை இல்ல, டிவிக்கு பக்கத்துல இருக்கறதுதான் பிரச்சனை.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை: அண்ணா எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் 510, 520 யூனிட் வருது. ஏசி கூட கிடையாது. எது குடிக்குதுன்னு எப்படி கண்டுபுடிக்கறது, மெஷின் ஏதாவது வாங்கணுமா?

மெஷின் வேணாம், உங்க ஈபி மீட்டரே போதும். மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட்டு மினுக்கும், பக்கத்துல 3200னோ 1600னோ ஒரு நம்பர் போட்டிருக்கும். 3200ன்னா ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை மினுக்கும்னு அர்த்தம். கரண்ட் கட் ஆகாத ஒரு நாள் ராத்திரி, இன்வெர்ட்டர் பேட்டரி ஃபுல்லா இருக்கறப்ப, லைட்டு ஃபேன் எல்லாம் அணைச்சிட்டு ஃப்ரிட்ஜை மட்டும் 10 நிமிஷம் நிறுத்திட்டு, மத்ததை எப்பவும் இருக்கற மாதிரியே விட்டுட்டு, ஒரு மினுக்குக்கும் அடுத்ததுக்கும் எத்தனை செகண்டுன்னு செல்போன்ல பாருங்க. 1125ஐ அந்த செகண்டால வகுத்தா வாட் வரும், 1600 மீட்டர்னா 2250ஐ வகுக்கணும். 37 செகண்டுக்கு ஒரு தடவைன்னா 30 வாட். 30 வாட் ராத்திரி பகலா ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 43 யூனிட்! அப்பறம் ஒண்ணொண்ணா சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டே வாங்க, எதை அணைச்சதும் மினுக்கறது நல்லா மெதுவாகுதோ அதுதான் திருடன். இன்வெர்ட்டரோட பிளக் சுவிட்சை மட்டும் அணைச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, டிவி பாயிண்ட் அதுல இருந்து போயிருந்தா பேட்டரில ஓடிட்டு இருக்கும், மீட்டர் காட்டாது, நீங்க நம்ம வீடு சுத்தம்னு நெனச்சிருவீங்க.

உங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா 500 தாண்டறதுதான் வலி. 2022 செப்டம்பர்ல வந்த ரேட்டை வெச்சு சொல்றேன், 500க்குள்ள நின்னா 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட் 2.25, தாண்டிட்டா அதே நூறு யூனிட்டுக்கு 4.50. தாண்டின குத்தத்துக்கே 225 ரூபா, அது போக மேல போன 20 யூனிட்டுக்கு எட்டெட்டு ரூபா, ஆக 385. ரேட்டு அப்பறம் மாறியிருக்கு, உங்க பில்லுலயே பாத்துக்கங்க.

எல்லா சுவிட்ச்சும் அணைச்சு, இன்வெர்ட்டரும் வைஃபையும் கூட நிறுத்தின பிறகும் மினுக்குதுன்னா அது வேற விஷயம், வயர்ல எங்கயோ லீக். அதை தள்ளிப்போடாம ஆள் கூப்டுங்க.

ஓசூர்: பவர்கட்டே கம்மிதான், இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி வெச்சிரலாமா? கெய்சர் காலைல போட்டா நைட் வரைக்கும் ஆன்லதான் இருக்கு, அது ஓகேவா?

இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 10ல இருந்து 25 வாட் வரைக்கும் எடுக்கும், வாஸ்தவம்தான். ஆனா லெட் ஆசிட் பேட்டரியை சார்ஜ் இல்லாம மாசக்கணக்குல போட்டா தகடுல உப்பு படிஞ்சு பேட்டரியே போயிரும், புதுசு என்ன வெலைன்னு தெரியும்ல. ஆன்லயே விட்ருங்க. கெய்சர்தான் நான் புடிச்சு வெச்சு திட்ற சாமான். 2000 வாட் சாமானுங்க அது, தண்ணி ஆறும், தெர்மோஸ்டாட் திரும்ப ஆன் ஆகும், யாரும் குளிக்காமலே நாள் பூரா இதே வேலை. கெய்சர் மேல இருக்கற ஸ்டாரே இப்படி சும்மா ஆறிப்போற சூட்டை அளந்து குடுக்கறதுதான். ஓசூர், தளி குளிருக்கு ஆன்ல வெக்கத்தான் தோணும், எனக்கும் புரியுது, ஆனா குளிக்கறதுக்கு 15, 20 நிமிஷம் முன்னாடி போட்டு குளிச்சதும் அணைங்க, வீட்ல எல்லாரும் வரிசையா குளிங்க. நீங்க கேக்காத ஒண்ணு, ஏசிக்கு ஸ்டெபிலைசர் இருந்தா குளிர்காலத்துல அந்த எம்சிபியையே (போர்டுல இருக்கற ட்ரிப் சுவிட்ச்) எறக்கி விட்ருங்க, உள்ள இருக்கற ட்ரான்ஸ்ஃபார்மர் ஏசி ஓடாட்டியும் சூடாகிட்டேதான் இருக்கும்.

பாலக்கோடு: ராத்திரி ஃப்ரிட்ஜை அணைச்சா மிச்சமாகுமா?

பெருசா ஒண்ணும் ஆகாது. காலைல திரும்ப குளிராக்க கூடுதலா ஓடும், பாலும் கெட்டுப்போகும்.

பென்னாகரம்: அண்ணே சந்தைல ஒருத்தர் பிளக்ல மாட்டற பச்சை லைட்டு பெட்டி விக்கறாரு, 40 சதவீதம் பில்லு கொறையும்ங்கறாரு. வாங்கட்டா?

வேணாம் தம்பி. நான் ஒண்ணை ஒடச்சே பாத்துட்டேன், ஒரு கெப்பாசிட்டர், ஒரு எல்ஈடி, அவ்ளோதான். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரைத்தான் (கரண்ட்டும் வோல்டேஜும் எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற கணக்கு) மாத்தும், வீட்டு மீட்டரோ நெஜமா செலவான யூனிட்டைத்தான் எண்ணுது, அதனால பில்லுல ஒரு பைசா கொறையாது. போதாததுக்கு அந்த பச்சை லைட்டும் 24 மணி நேரம் எரியுது, நீங்க காசு குடுத்து சும்மா கரண்ட் குடிக்கற இன்னொரு சாமானை வாங்கி மாட்டறீங்க.

மொரப்பூர்: சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் எங்க ரூம் எல்ஈடி பல்பு மங்கலா எரியுது ணா, பேய் மாதிரி இருக்கு.

பேய் இல்ல, பெரும்பாலும் ஃபேஸுக்கு போட வேண்டிய சுவிட்சை நியூட்ரல்ல போட்டிருப்பாங்க. அது எரியறதுக்கு ஆகற கரண்ட் ஒண்ணுமே இல்ல, பில்லுக்கு கவலப்படாதீங்க. ஆனா சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல ஃபேஸ் நிக்கும், பல்பு மாத்தறேன்னு கை வெச்சா அடிக்கும். மெயினை எறக்காம அந்த பல்பை தொடாதீங்க, இந்த வாரமே ஒரு ஆளை வெச்சு மாத்திருங்க.